குதிரை வாங்கப் போகிறீர்களா? தூக்குக்குண்டு எடுத்துக்கொள்ளுங்கள்

கால்நடை கேள்வி – பதில்
பதில் சொல்பவர்: உச்சிப்புளியில் வசிக்கும் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

ஆடி நெருங்கினால் என் மேசைக்கு வரும் கடிதங்களில் ஆடும் மாடும் குறைந்து குதிரை கூடிவிடும். அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவும் அதையொட்டிக் கூடும் குதிரைச் சந்தையும்தான் காரணம். இந்த இதழ் முழுக்கவே குதிரைக்கு விட்டுவிட்டேன். கோழிக் கழிச்சல் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் கட்டாயம் எழுதுகிறேன்.

*

கேள்வி: ஐயா, சவுதியில் ஆறு வருடம் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். சின்ன வயதிலிருந்தே குதிரை ஆசை. காலையில் கடற்கரையில் சவாரி போகலாம், கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம் என்று எண்ணம். ஒரு வியாபாரி அந்தியூருக்குக் கொண்டுவரப்போகும் வெள்ளைக் குதிரையின் வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். வயது நாலு, விலை ஒன்றரை லட்சம் என்கிறார். கூட வரும் மாமா சுழி மட்டும்தான் பார்ப்பார். உடம்பில் குறை இருந்தால் நானே கண்டுபிடிப்பது எப்படி?
— வாசகர், கீழக்கரை

பதில்: தம்பி, அந்த வீடியோவை வைத்து ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். புல்லிலோ மணலிலோ நிறுத்தி எடுத்திருந்தால் குளம்பே தெரியாது. மேட்டில் முன்னங்கால், பள்ளத்தில் பின்னங்கால் என்று நிறுத்தினால் கோணல் கால்கூட நேராகத் தெரியும். சிமென்ட் தரையில் நிறுத்தி முன்னால், பின்னால், இரண்டு பக்கவாட்டிலும் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு கயிற்றைத் தளர்த்திப் பிடித்து முப்பது அடி நடக்கவிட்டு, திருப்பிக் கூட்டி வரச் சொல்லுங்கள். இதை எடுத்து அனுப்பத் தயங்கினால் அந்தக் குதிரையை மறந்துவிடுங்கள்.

சந்தைக்குப் போகும்போது கொத்தனார் வைத்திருப்பாரே தூக்குக்குண்டு, அதில் ஒன்றை இரவல் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இன்றைக்கும் குதிரை பார்க்கக் கூப்பிட்டால் நான் அதோடுதான் போகிறேன். குதிரையைச் சமதளத்தில் நான்கு காலிலும் எடை பரவி நிற்கும்படி நிறுத்துங்கள். எதிரே நின்று, தோள் முனையிலிருந்து நூலைத் தொங்கவிடுங்கள். நூல் முன்னங்கால் முட்டி, அதற்குக் கீழே எலும்பு, கணு மூட்டு, குளம்பு எல்லாவற்றையும் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும். குளம்பின் நுனி உள்பக்கம் திரும்பியிருந்தால் அந்தக் குதிரை நடக்கும்போது காலை வெளியே வீசி வைக்கும். பார்க்க அசிங்கமே தவிர, லேசாக இருந்தால் ஊர்வலக் குதிரைக்குப் பாதகமில்லை. வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் கால் உள்ளே வீசி எதிர்க்காலில் இடிக்கும். இடித்ததற்கு அடையாளம் இருக்கும். கணுவின் உள்பக்கத்தில் விரலை வைத்துத் தடவுங்கள். மயிர் உதிர்ந்து சொரசொரப்பாக ஒரு தழும்பு தட்டுப்படும்.

முட்டிக்கு மேல் எலும்பும் கீழ் எலும்பும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாமல், கீழ் எலும்பு வெளிப்பக்கம் தள்ளிப் பொருந்தியிருக்கிற குதிரைகளும் உண்டு. அவற்றுக்கு முட்டிக்குக் கீழே உள்பக்கம் எலும்புப் புடைப்பு வரும். இளங்குதிரையாக இருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

இனிப் பக்கவாட்டுக்கு வாருங்கள். என் மனம் அதிகம் அடித்துக்கொள்வது இங்கேதான், காரணத்தையும் சொல்கிறேன்.

என் அப்பா ராமேஸ்வரத்தில் ஜட்கா ஓட்டினார். ரயிலடிக்கும் கோயிலுக்கும் நாளைக்கு எத்தனை நடை என்று கணக்கே கிடையாது. பாம்பன் சாலைப் பாலம் 1988-ல்தான் திறந்தது. அதற்கு முன் வெளியூரில் குதிரை வாங்கினால் மண்டபத்திலிருந்து தோணியில் ஏற்றித்தான் கொண்டுவருவார்கள். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அப்படி ஒரு செவலைக் குதிரை வந்தது. நான்கு காலிலும் வெள்ளை, நெற்றியில் வெள்ளை. பஞ்சகல்யாணி! தெருவே கூடி வந்து பார்த்தது. அம்மா ஆரத்தி எடுத்தார். ராணி என்று பெயர் வைத்தோம். விற்ற வியாபாரி அதைப் பக்கவாட்டில் ஓடவிட்டுக் காட்டவே இல்லை என்பது பிற்பாடுதான் எங்களுக்கு உறைத்தது. ராணியின் முன்னங்கால் முட்டி பின்னோக்கி வளைந்திருந்தது. காலை ஊன்றி நிற்கும்போது முட்டி, நம் முழங்கையை மறுபக்கம் மடக்கப் பார்ப்பதுபோல் பின்னால் சாயும். ‘நல்லா நெஞ்ச நிமித்தி நிக்கிறா’ என்று அப்பா அதையும் அழகாகத்தான் பார்த்தார்.

அடுத்த தை அமாவாசைக் கூட்டத்தில் மூன்று நாள் இடைவிடாமல் ஓடினாள். நான்காம் நாள் காலை கொட்டடியில் வலது முன்னங்காலைத் தரையில் வைக்கவில்லை. முட்டி தேங்காய் அளவு வீங்கியிருந்தது. சாக்கைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து நனைத்து அதன் முட்டியில் சுற்றியபடி அப்பா இரவெல்லாம் மண்ணில் உட்கார்ந்திருந்தார். அரிக்கேன் வெளிச்சத்தில் அவருடைய கை நடுங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு ராணி வண்டி இழுக்கவில்லை. அப்பா அவளை விற்கவும் இல்லை. பல வருடம் கழித்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு முன்னங்காலைப் பக்கவாட்டில் வரைந்தார். முட்டி பின்னால் வளைந்தால், ஒவ்வொரு அடியிலும் முட்டிக்குள் இருக்கும் சின்ன எலும்புகளின் முன்முனைகள் ஒன்றையொன்று நசுக்கிச் சில்லுச் சில்லாக உடையும் என்றார். அவர் வரைந்தது ராணியின் கால். நான் குறிப்பேட்டை மூடிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அதனால் தம்பி, பக்கவாட்டில் நின்று தோள்பட்டை எலும்பின் நடு மேட்டிலிருந்து நூலை விடுங்கள். முழங்கையை ஒட்டி வந்து, முட்டியின் நடுவே இறங்கி, கணுவைத் தாண்டிக் குதிங்குளம்புக்குச் சற்றுப் பின்னால் விழ வேண்டும். முட்டி நூலுக்குப் பின்னால் போனால் விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். முட்டி நூலுக்குக் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் அவ்வளவு பயம் இல்லை. ஆனால் நிற்கும்போது முட்டி வெடவெடவென்று ஆடினால் அதுவும் வேண்டாம். நிற்கிற குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இருக்கிறது. மேலே மாப்பிள்ளை ஏறினால் இன்னும் கூடும்.

அடுத்தது கணுவுக்கும் குளம்புக்கும் நடுவே இருக்கும் சரிவு. தரையிலிருந்து சுமார் 45 முதல் 55 டிகிரி வரை சாய்ந்து, குளம்பின் முன்பக்கச் சரிவோடு ஒரே கோடாகச் சேர வேண்டும். நிமிர்ந்து குட்டையாக இருந்தால் அதிர்ச்சி தாங்காது. தார் ரோட்டிலும் சிமென்ட் கல் பதித்த தெருவிலும் ஊர்வலம் போகிற குதிரைக்கு அதுவே எமன். நீண்டு படுத்துச் சரிந்திருந்தால் சவாரி தொட்டில்போல் சுகமாக இருக்கும், ஆனால் கால் புதைகிற மணலில் பின்பக்கத் தசைநாண் இழுபட்டுக் கிழியும். உங்களுக்கு ஊர்வலமும் வேண்டும், கடற்கரையும் வேண்டும். ஆகவே இரண்டுக்கும் நடுவில் இருப்பதைத் தேடுங்கள். கடற்கரையில் அலை நனைத்து இறுகிய மணலில் மட்டும் ஓட்டுங்கள். காய்ந்த பொடிமணல் வேண்டாம். குறையே இல்லாத குதிரையை நான் இதுவரை பார்த்ததில்லை. நம் மண்ணுக்கும் நாம் வாங்கப்போகும் வேலைக்கும் எந்தக் குறை தாங்கும், எது தாங்காது என்பதைத்தான் வாங்குகிறவர் தெரிந்திருக்க வேண்டும்.

பின்னங்காலுக்குப் புட்ட எலும்பின் முனையிலிருந்து நூல். பின்மூட்டின் முனையைத் தொட்டு, கீழ் எலும்பின் பின்பக்கத்தை ஒட்டியே இறங்க வேண்டும். கால் அரிவாள்போல் வளைந்து முன்னால் போயிருந்தால் பின்மூட்டுக்குக் கீழே பின்பக்கம் வீங்கும். தூண்போல் நேராக நின்றால் வேறு தொல்லை, அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன். பின்னாலிருந்து பார்க்கும்போது இரண்டு பின்மூட்டும் மாட்டுக்கு இருப்பதுபோல் லேசாக நெருங்கியிருந்தால் பரவாயில்லை.

குளம்பைத் தூக்கிப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். முன்குளம்பு இரண்டும் ஜோடிச் செருப்புபோல் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் சின்னதாக, செங்குத்தாக இருந்தால் அந்தக் காலில் வெகுநாளாக எடை போடாமல் இருந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். குளம்புச் சுவரில் வளையம் வளையமாக இருந்து, அந்த வளையங்கள் முன்பக்கம் நெருங்கியும் குதிகால் பக்கம் அகன்றும் போனால் அது குளம்பு அழற்சி வந்துபோன குதிரை. அடிப்பக்கம் முக்கோணமாக இருக்கும் மெத்தையை மோந்து பாருங்கள். அழுகல் வாடை அடிக்கக் கூடாது. சந்தைக்கு முதல்நாள் புது லாடம் அடித்திருந்தால் பழைய லாடம் எங்கே என்று கேளுங்கள். எந்த ஓரம் தேய்ந்திருக்கிறதோ அந்த ஓரத்தில்தான் குதிரை எடை போடுகிறது.

பிறகு நடை. கெட்டியான தரையில், தளர்ந்த கயிற்றில், மெல்ல ஓடவிடச் சொல்லுங்கள். தலையைப் பாருங்கள். வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும், நல்ல கால் படும்போது தாழ்த்தும். இதை மறைக்க முடியாமல்தான் சிலர் வலி ஊசி போட்டுக் கொண்டுவருகிறார்கள், சிலர் விடியற்காலையிலேயே ஓட்டிச் சூடாக்கி வைக்கிறார்கள். ஆகவே சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் நில்லுங்கள். கட்டுத்தறியிலிருந்து எடுத்துவைக்கும் முதல் பத்து அடிதான் நிஜம். முடிந்தால் மறுநாளும் போய்ப் பாருங்கள்.

நிறத்தைப் பற்றி ஒன்று. வெள்ளையில், தோலும் ரோஸ் நிறமாக இருக்கிற நுக்ரா வகைக் குதிரைக்கு நம் கடற்கரை வெயிலில் மூக்கும் கண்ணோரமும் வெந்துபோகும். நிழல் கட்டாயம். தோல் கறுப்பாக இருந்து மயிர் மட்டும் வெளுத்திருந்தால் வாலைத் தூக்கி அடியில் கட்டிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

எல்லாம் திருப்தி என்றாலும், கிளாண்டர்ஸ் நோய் இல்லை என்ற ரத்தப் பரிசோதனை முடிவு இல்லாமல் வண்டியில் ஏற்றாதீர்கள். அது மனிதருக்கும் தொற்றி உயிரையே எடுக்கும். ஹரியானாவில் ஹிசார் நகரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் இந்தச் சோதனையைச் செய்கிறது. எப்படி அனுப்புவது என்பதை உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

*

கேள்வி: ஐயா, என் மகனுக்கு ரேக்ளாப் பைத்தியம். பந்தயக் குதிரையாக மைதானத்தில் ஓடி ஓய்ந்த ஒன்று குறைந்த விலைக்கு வருகிறதாம். முன்னங்காலில் ஒரு புடைப்பு இருக்கிறது, அது ஒன்றுமில்லை என்கிறார்கள். காலில் வரிவரியாகச் சூட்டுத் தழும்பும் இருக்கிறது. வாங்கலாமா?
— வாசகி, மண்டபம்

பதில்: தங்கச்சி, நீங்கள் கவனித்து எழுதிய இரண்டு விஷயமுமே முக்கியம். புடைப்பு எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. முட்டிக்குக் கீழே, உள்பக்கமாக, எலும்போடு ஒட்டி, கல்போல் கெட்டியாக, அழுத்தினால் குதிரை காலை இழுக்காமல் இருந்தால் அது பழைய எலும்புப் புடைப்பு. ஆறிவிட்டது. பார்வைக்குத்தான் குறை.

புடைப்பு காலின் பின்பக்கம் இருந்தால் கதை வேறு. மகனை அந்தக் காலைத் தூக்கி மடக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். எடை இல்லாமல் தொங்கும்போது, எலும்புக்குப் பின்னால் இரண்டு தசைநாண்கள் ஓடுவது கைக்குத் தெரியும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து முட்டியிலிருந்து கணுவரை வழித்து வாருங்கள். இறுக்கி முறுக்கிய கயிறு மாதிரி வழவழவென்று, இரண்டும் தனித்தனியாக விரலுக்குள் நழுவ வேண்டும். நடுவே தடித்து, மொந்தன் வாழைப்பழம்போல் வெளியே வளைந்திருந்தால் தசைநாண் ஒருமுறை கிழிந்து தழும்பாகச் சேர்ந்திருக்கிறது. எத்தனை மாதம் ஓய்வு கொடுத்தாலும் பழைய பலம் வராது. பந்தயத்தில் மறுபடி கிழியும். வரிவரியான சூடு இந்த நோய்க்குப் பழைய நாளில் செய்த வைத்தியம். சூட்டுத் தழும்பு இருக்கிறதென்றால் அந்த இடத்தில் ஏற்கெனவே நோய் வந்திருக்கிறது என்று அந்தக் குதிரையின் காலே எழுதிக் காட்டுகிறது.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். மைதானக் குதிரைகளுக்குக் குளம்புச் சுவர் பெரும்பாலும் மெல்லிசு. அவை புல்லிலும் பதப்படுத்திய மண்ணிலும் ஓடியவை. நம் பக்கம் சீமைக்கருவேல முள் இல்லாத பாதை எங்கே இருக்கிறது? முள் குளம்புக்குள் இறங்கினால் சீழ் பிடிக்கும், ரண ஜன்னி (டெட்டனஸ்) வரும். ரண ஜன்னிக்குக் குதிரையைப்போல் சீக்கிரம் பலியாகும் வீட்டு விலங்கு வேறு இல்லை. எந்தக் குதிரை வாங்கினாலும் முதல் வேலையாக அதற்குத் தடுப்பூசி போடுங்கள்.

மகன் மேல் கோபப்படாதீர்கள். அவனை ஒரு நாள் என்னிடம் அனுப்புங்கள், நல்ல கால் எப்படியிருக்கும் என்று கையில் பிடித்துக் காட்டுகிறேன். இந்தக் குதிரையை அவன் கேட்டு அழுதாலும் பந்தயத்துக்கென்று வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

*

கேள்வி: பல்லைப் பார்த்து வயது சொல்கிறார்களே, அது எவ்வளவு நம்பகமானது?
— வாசகர், தொண்டி

பதில்: தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுக்கிறவர் தாராளமாகப் பார்க்கலாம். முன்பல்லில் நடு ஜோடி இரண்டரை வயதில் விழுந்து புதுப்பல் முளைக்கும், அடுத்த ஜோடி மூன்றரையில், ஓர ஜோடி நாலரையில். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். கீழ்த்தாடைப் பற்களின் மேல் இருக்கும் குழி ஆறில் நடுவிலும், ஏழில் அடுத்ததிலும், எட்டில் ஓரத்திலும் தேய்ந்து மறையும். மேல்தாடை ஓரப் பல்லின் வெளிப்பக்கத்தில் பழுப்பாக ஒரு பள்ளக்கோடு பத்து வயதில் ஈறோரம் எட்டிப்பார்க்கும், பதினைந்தில் பாதிப்பல் இறங்கும், இருபதில் நுனியைத் தொடும்.

ஐந்து வயதுவரை இது ஏறக்குறைய சரியாக இருக்கும். எட்டுக்கு மேல் இரண்டு வருடம் முன்னே பின்னே போகும். மணல் கலந்த தீனி தின்கிற நம் கடற்கரைக் குதிரைகளுக்குப் பல் இன்னும் வேகமாகத் தேயும், அதனால் வயது கூடுதலாகத் தெரியலாம். பிறகு வாயை மூடவிட்டு, உதட்டை மட்டும் விலக்கி, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நேருக்கு நேர் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். மேல்தாடை கிளி மூக்குபோல் முன்னால் நீண்டிருந்தால் புல்லைக் கடித்து மேய முடியாது. கொள்ளும் தவிடும் கையில் கொடுத்து வளர்க்க வசதி உள்ளவர்கள் மட்டும் அதை வாங்கலாம்.

(கீழக்கரைத் தம்பிக்கு: நாலு வயது என்றால் ஓரத்தில் இன்னும் பால்பல் இருக்க வேண்டும். வாய் நிறைந்திருந்தால் சொன்ன வயது பொய்.)

*

கேள்வி: கடிதம் எழுதும்போதெல்லாம் காலைப் பார், குளம்பைப் பார் என்கிறீர்கள். எங்கள் தாத்தா காலத்திலிருந்து சுழி சுத்தம் பார்த்துத்தான் வாங்குகிறோம். அது பொய்யா?
— வாசகர், தேவிபட்டினம்

பதில்: பொய் என்று எங்கேயும் நான் எழுதவில்லை, ஐயா. என் அப்பாவும் பார்த்தவர்தான். சுழி என்பது மயிர் வளர்கிற திசை மாறும் இடம். ஒரு குதிரைக்கு இருக்கும் சுழி இன்னொன்றுக்கு அப்படியே இருக்காது, அதனால் அடையாளம் எழுத அது நல்ல குறி. உங்கள் மனத்துக்கு நிம்மதி தருகிறதென்றால் தாராளமாகப் பாருங்கள். வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று கும்பிட்டுக் கேட்கிறேன். கால், குளம்பு, நடை, மூச்சு, வாய் எல்லாம் பார்த்துத் தேறிய குதிரைக்குக் கடைசியாகச் சுழி பாருங்கள். ராணிக்குச் சுழி சுத்தமாகத்தான் இருந்தது.

இந்தக் கரைக்கும் குதிரைக்கும் உள்ள உறவு எனக்கு எப்போதும் நெஞ்சை அடைக்கிற விஷயம். பாண்டிய மன்னர்கள் அரபுக் குதிரைகளைக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். மாணிக்கவாசகர் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்ததும், நரி பரியானதும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை மன்னர் வாங்கியதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சவில்லை என்றும் எழுதியிருக்கிறார். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்கள் இங்கே இல்லை, விற்கிற வணிகர்கள் அப்படிப்பட்டவர்களை இங்கே வரவிடவும் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்! அந்த எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் அதைப் படிக்கும்போதெல்லாம் கொட்டடியில் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற அத்தனை குதிரைகளும் என் கண்முன் வந்துபோகின்றன. இன்றைக்கும் நம் மாவட்டத்தில் நல்ல லாடக்காரர் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். குதிரை பார்க்கும் முன் லாடக்காரரைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளரும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவாவிட்டால், நேரான காலோடு பிறந்த குதிரையையும் நாமே கோணலாக்கிவிடுவோம்.

*

கேள்வி: சுற்றுலா வருகிற பிள்ளைகளை ஏற்றிச் சுற்ற மட்டக்குதிரை ஒன்று பார்த்தேன். முதுகு கொஞ்சம் குழிந்திருக்கிறது. வாங்கலாமா?
— வாசகர், தங்கச்சிமடம்

பதில்: வயதான குதிரைக்கு முதுகு குழிவது உண்டு. இளசாக இருந்தும் குழிந்திருந்தால் விட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் விரல்நுனியால் முதுகெலும்பை ஒட்டி அழுத்தி வாருங்கள். சட்டென்று முதுகைத் தாழ்த்தினாலோ காதை மடக்கினாலோ அங்கே வலி இருக்கிறது. சேணத்தையும் சேர்த்து உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது. இருநூறு கிலோ மட்டக்குதிரை என்றால் நாற்பது கிலோ. பிள்ளையோடு அப்பாவும் ஏறுகிறேன் என்பார், விடாதீர்கள்.

உங்கள் ஊர் மணலில் தரையில் தீனி போட்டால் மணலும் சேர்ந்து வயிற்றுக்குள் போய்ச் சூலை என்கிற கடும் வயிற்றுவலி வரும். சந்தேகமாக இருந்தால் நாலைந்து சாண உருண்டையைக் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் விட்டுக் கலக்கி வையுங்கள். அடியில் மணல் படிந்தால் தெரிந்துவிடும். தொட்டி கட்டித் தீனி போடுங்கள்.

*

கேள்வி: நான்கு மாதம் முன்பு குதிரை வாங்கினேன். காலையில் கட்டை அவிழ்த்தால் ஒரு பின்னங்கால் பின்னால் நீட்டியபடி விறைத்துக்கொள்கிறது. மடக்க முடியாமல் இழுத்துக்கொண்டே வருகிறது. கொஞ்ச நேரத்தில் ‘டக்’கென்று தானாகச் சரியாகிவிடுகிறது. விற்றவரைக் கேட்டால் இங்கே இருக்கும்போது இல்லை என்கிறார். பார்த்து வாங்கத் தெரியாமல் ஏமாந்துவிட்டேனே என்று தூக்கமில்லை.
— வாசகர், வாலிநோக்கம்

பதில்: முதலில் தூங்குங்கள் தம்பி. இது பெரும்பாலும் சரியாகிற விஷயம்.

குதிரை நின்றபடியே தூங்கும். அதற்காகத் தொடைக்கும் காலுக்கும் நடுவே இருக்கும் மூட்டில், சில்லு எலும்பு ஒரு மேட்டில் ஏறிக் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. நடக்கத் தொடங்கும்போது தானாகக் கழன்றுகொள்ளும். பின்னங்கால் தூண்போல் நேராக இருக்கும் குதிரைகளிலும், தொடைச்சதை வற்றிய குதிரைகளிலும் இந்தக் கொக்கி சட்டென்று கழலாது. உங்கள் குதிரைக்கு நடப்பது இதுதான் என்று எண்ணுகிறேன். நம் உழவு மாடுகளுக்கும் இது வரும், பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். விற்றவர் சொன்னதும் பொய்யாக இல்லாமல் இருக்கலாம். அங்கே தினமும் வேலை செய்து சதை இறுகியிருந்திருக்கும். இங்கே வந்து கட்டிப்போட்டதில் இளைத்திருக்கும்.

மாட்டிக்கொள்ளும்போது முன்னால் இழுக்காதீர்கள், அடிக்கவே அடிக்காதீர்கள். நெஞ்சில் கையை வைத்து மெதுவாக ஓர் அடி பின்னால் தள்ளுங்கள். பெரும்பாலும் கழன்றுவிடும். தினமும் காலையும் மாலையும் அரை மணி நேரம் நேர்ப்பாதையில் நடை, பிறகு சின்ன மேடு ஏறி இறங்கும் நடை. குறுகிய வட்டத்தில் சுற்றவிட வேண்டாம். நாள் முழுக்கக் கட்டியே வைக்காமல் அடைப்புக்குள் அவிழ்த்துவிடுங்கள். கொள்ளை ஊறவைத்து அவித்துக் கொடுங்கள், உடம்பு தேறட்டும். பின்குளம்பின் நுனியை லாடக்காரரிடம் காட்டிச் சீவுங்கள். இரண்டு மூன்று மாதம் பொறுமையாகச் செய்தும் குறையவில்லை என்றால் அந்தச் சில்லைப் பிடித்திருக்கும் உள்பக்கத் தசைநாரைத் துண்டிக்கும் சின்ன அறுவை இருக்கிறது. செய்தால் பின்னால் அந்த மூட்டில் வேறு தொல்லை வரவும் வாய்ப்பு உண்டு என்பதால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம்.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாலிநோக்கம் வந்துவிடுகிறேன். அன்றைக்கு மட்டும் நான் வரும்வரை கட்டை அவிழ்க்காதீர்கள். அது எடுத்துவைக்கும் முதல் அடியை நான் பார்க்க வேண்டும்.